பக்கத்து சீட்டுக்குக் கீழே

வீட்டைவிட்டுப் போன அன்றைக்குக்கூட சேர்மன் தன் மனைவியிடம் கடைசியாகப் பேசியது காரைப் பற்றித்தான்.

கையில் பெட்டி, வாசலில் டாக்சி. இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவள் கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். மன்னிப்பெல்லாம் அவன் வாயில் வராது என்று அவளுக்குத் தெரியும். போகிற போக்கில் "உடம்பப் பாத்துக்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட, அதை வைத்துக்கொண்டு அழுது தீர்த்து அந்தக் கதையை அத்தோடு முடித்திருப்பாள்.

"ஷெட்டுல வண்டி இருக்கு. அந்த ஃபிளாட்ல மூடின இடம் கிடையாது, கொஞ்ச நாளைக்கு இங்கயே இருக்கட்டும்" என்றான் அவன். "கவர எடுக்காத. தொடாத. ஞாயித்துக்கிழமைல நானே வந்து பாத்துக்குறேன்."

பெண்டாட்டியை விட்டுவிட்டுப் போகிறவன், காருக்கு அவளையே காவல் வைத்துவிட்டுப் போனான்.

அவன் எந்தக் கம்பெனிக்கும் சேர்மன் இல்லை. இன்சூரன்ஸ் ஏஜென்ட். பழைய கார் வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் கிளப்பில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடப்பான். எவன் வண்டியைப் பார்த்தாலும் குனிந்து, உதட்டைப் பிதுக்கி, "பரவால்ல" என்பான். அதனால் வந்த பட்டம் அது. அவளுக்கும் ஒரு பட்டம் உண்டு. பல் ஆஸ்பத்திரிகளுக்குப் பல் செட்டும் பல்லின் மேல் மாட்டுகிற தொப்பியும் செய்து கொடுக்கிற லேப் ஒன்றில் அவள் வேலை பார்த்தாள். அங்கே சேர்ந்த புதுப்பெண் யாரோ ஒருத்தி "பல் அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தது, ஒட்டி ஒட்டிப் பல்லக்காவாகிவிட்டது. பல்லக்கு மாதிரி இருக்கிறதே என்று அவளும் விட்டுவிட்டாள்.

கார், இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். அடர் பச்சை. மடக்கித் திறக்கிற துணிக்கூரை. தரையோடு தரையாகப் பதுங்கிய உடம்பு, உருண்டை விளக்குகள். வாங்குகிற சமயத்தில் அவன் தொழிலில் ஏதோ வழக்கு வரும்போல இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று காரை மனைவி பெயரில் பதிவு செய்தான். வழக்கு வரவில்லை, பேரை மாற்றவும் அவனுக்குத் தோன்றவில்லை. தன் மனைவிக்குப் பேர் என்று ஒன்று இருப்பதையே அவன் நினைத்துப் பார்த்ததில்லை என்பதால் இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க அவன் ஷெட்டில்தான் இருப்பான். மெழுகு போட்டுத் துடைப்பான், குரோமியத்தை மூச்சுவிட்டுத் துடைப்பான், சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே பல் துலக்கும் பிரஷ்ஷை விட்டுத் துடைப்பான். அவளுக்குக் காய்ச்சல் கொதிக்கிறபோது தெரியாது. எஞ்சினில் ஒரு சின்ன இருமல் வந்தால் தூக்கத்திலிருந்து எழுந்துவிடுவான். எப்போதாவது அவளை உட்காரவைத்துக் கூட்டிப்போவான், அதுவும் கிளப்பில் எல்லோரும் மனைவியோடு வருகிற நாளில்தான். அதற்கும் சட்டம் இருந்தது. செருப்பைக் கழற்று. கதவை இழுத்துச் சாத்தாதே. காலை நடுவில் ஊன்றாதே, ஓரமாக வை.

"கார்ப்பெட் பாழாயிடும்" என்பான்.

அவளும் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு, பஸ்ஸில் முட்டைக் கூடையை மடியில் வைத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்து வருவாள்.

அவன் இன்னொருத்தியோடு போய்விட்ட விஷயம் தெரிந்த அன்று அவளுடைய தம்பி கையில் சுத்தியலோடு வந்து நின்றான்.

"அக்கா, ஷெட்டு சாவியக் குடு. கண்ணாடில ஆரம்பிக்கிறேன்."

சாவியைக் கொடுக்கத்தான் அவளும் உள்ளே போனாள். ஷெட்டைத் திறந்து, கவரை ஒரே இழுப்பில் உருவிக் கீழே போட்டாள். வண்டி பளபளவென்று நின்றது. அதன் மூக்கில் அவள் முகமே தெரிந்தது. தம்பி சுத்தியலை ஓங்கினான்.

"இரு" என்றாள்.

"என்ன இரு? பாவம் பாக்குறியா?"

"பாவமா? உடைச்சா ஒரு நாள் அழுவான். அப்புறம், பொண்டாட்டி பைத்தியம் புடிச்சு காரை நொறுக்கிட்டான்னு ஊரெல்லாம் சொல்லி நல்லவனாயிடுவான். அந்த சுகத்த நான் அவனுக்குக் குடுக்கணுமா?" அவள் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். "தொடாதன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். நான் தொடப்போறேன். அவன் வெச்சிருந்தத விட நூறு மடங்கு நல்லா வெச்சுக்கப்போறேன். ஒரு குறை சொல்ல முடியாத மாதிரி வெச்சு, அவன் கண்ணு முன்னாடி தினம் ஓட்டுவேன். அவன் கை மட்டும் இது மேல படக்கூடாது. வேகணும். மெதுவா வேகணும்."

தம்பி சுத்தியலைக் கீழே இறக்கினான். சின்ன வயதிலிருந்தே அக்கா கத்தினால் அவனுக்குப் பயமில்லை. அக்கா மெதுவாகப் பேசினால்தான் பயம்.

"உனக்கு கியர் போடவே தெரியாதே" என்றான்.

"உன் பொண்டாட்டிய வரச் சொல்லு."

தம்பி மனைவி பஸ் டிப்போவில் பிரேக் பிரிவில் ஃபிட்டர். பெரிய பெரிய பஸ் சக்கரங்களைக் கழற்றி மாட்டுகிற கை. அவள் முதல் நாள் வந்து காரைச் சுற்றிப் பார்த்தாள். பெயின்ட்டின் பளபளப்பை அவள் கண்டுகொள்ளவே இல்லை. நேராகக் குனிந்து எண்ணெய் அளக்கும் குச்சியை உருவி, விரலில் தொட்டு முகர்ந்தாள். பிரேக் எண்ணெய் டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்தாள். ரப்பர் ஹோஸ் ஒன்றைக் கிள்ளினாள். அது வெடித்து வாயைப் பிளந்தது.

"அண்ணி, இவரு இந்த வண்டிய எத்தன வருஷமா பாத்துக்குறாரு?"

"வாங்கின நாள்லேருந்து. ஏன்?"

"பாத்துக்கிட்டுதான் இருந்திருக்காரு. வேற ஒண்ணும் பண்ணல. எஞ்சின் ஆயில் தார் மாதிரி இருக்கு. பிரேக் ஆயில் தண்ணி மாதிரி தெளிவா இருக்கணும், இது கடுங்காப்பி. டயர்ல ரோட்டுல படுற பட்டன் தேயல, ஆனா பக்கவாட்டுல பாருங்க, பாளம் பாளமா வெடிச்சிருக்கு. மேல கோட்டு சூட்டு, உள்ள கிழிஞ்ச பனியன்."

பல்லக்காவுக்கு அன்றைக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "அவனும் அப்படித்தான்" என்றாள்.

இருவரும் வேலையைத் தொடங்கினார்கள். லேப் முடிந்து வந்ததும் பல்லக்கா பழைய சட்டையை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் போய்விடுவாள். நின்றே கிடந்த டேங்க்கிலிருந்து கெட்டுப்போன பெட்ரோலை இறக்கினார்கள். கார்புரேட்டர்களைப் பிரித்து, ஊசித் துளைகளில் அடைத்திருந்த பிசினைச் சுரண்டினார்கள். அதற்கு டிப்போவின் கருவிகள் எல்லாம் தடி தடியாக இருந்தன. பல்லக்கா லேப்பில் பல்லுக்கு வடிவம் செதுக்குகிற தன் சொந்தக் கருவிகளைக் கொண்டுவந்தாள். தீப்பொறி விடும் பிளக்கின் இடைவெளியையும் பாயிண்ட்டின் இடைவெளியையும் தகடு விட்டு அளக்க, தம்பி மனைவியைவிட அவளுக்கே சீக்கிரம் கைவந்தது. தொப்பி கொஞ்சம் உயர்ந்தாலும் கடிக்கிறவன் அலறுவான் என்று தெரிந்து பழகிய கை அது.

"பழைய வண்டிக்கு ஓடாம நிக்கிறதுதான் நோய்" என்பாள் தம்பி மனைவி. "வாரம் ஒரு தடவ எஞ்சின் நல்லா சூடாகுற வரைக்கும் ஓட்டணும். சும்மா ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷத்துல நிறுத்தினா உள்ள தண்ணி கோத்துக்கும், அதுக்கு ஓட்டாமயே இருக்கலாம். ஆயில் எவ்ளோ ஓடுச்சுன்னு பாக்காதீங்க, எவ்ளோ நாளாச்சுன்னு பாருங்க. ரப்பர்னு எது இருந்தாலும் சந்தேகப்படுங்க. கிரீஸ் அடிக்கிற இடத்துல பழைய கிரீஸ் வெளிய வர்ற வரைக்கும் அடிக்கணும். மழைல நனைஞ்சா துடைச்சா போதாது, கார்ப்பெட்ட தூக்கிக் காய விடணும்."

பல்லக்கா ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டாள். ஒவ்வொரு வேலையையும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். ஒவ்வொரு போல்ட்டையும் அவன் கழுத்து என்று நினைத்துத் திருகினாள், அளவுக்கு மேல் திருகிவிடாமல் நிறுத்தவும் கற்றுக்கொண்டாள். எஞ்சின் முதல்முறையாகத் தும்மாமல் பிடித்துக்கொண்டு சீராக உறுமியபோது தம்பி மனைவியும் அவளும் கறுத்த கைகளோடு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

அந்த ஞாயிறுகளில் அவன் வரவில்லை. புதுக் குடித்தனம்.

கார்ப்பெட்டைத் தூக்கியது அதற்குப் பிறகுதான். டிரைவர் பக்கம் பட்டன்கள்தான், சுலபமாக வந்தது. கீழே தரைத் தகடு புதுசு. சுத்தமாக வெட்டி, வரிசையாக வெல்டிங் வைத்து, கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது.

"இந்த ஒரு வேலையாவது ஒழுங்கா செஞ்சிருக்காரே" என்றாள் தம்பி மனைவி.

பக்கத்து சீட் பக்கம் கார்ப்பெட் வரவில்லை. பசை போட்டு ஒட்டியிருந்தது. பல்லக்கா தன் கத்தியை விட்டு ஓரம் ஓரமாக அறுத்துப் பிரித்தாள். அடியில் தார் பூசிய ஒரு தகரம். தாரைச் சுரண்டினாள். நீல நிறம் வந்தது. இன்னும் சுரண்டினாள். நீலத்தில் ஒரு வெள்ளை அன்னம் தலை நீட்டியது.

அவள் கை நின்றுபோயிற்று.

அது அவளுடைய பிஸ்கட் டப்பாவின் மூடி. ஊசி நூல் போட்டு வைத்திருந்த டப்பா. மூடியைக் காணோம் என்று வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடியிருக்கிறாள். அவனிடம் கேட்டதற்கு, "எத எங்க வெச்சேன்னு உனக்கு என்னைக்கு ஞாபகம் இருந்திருக்கு?" என்று சிரித்தான். தனக்கு நிஜமாகவே மறதி வந்துவிட்டதோ என்று அவள் கொஞ்ச நாள் பயந்துகூடப் போயிருந்தாள்.

மூடியைத் தூக்கினாள். அதற்குக் கீழே தரை இல்லை. துரு தின்று தீர்த்த ஓட்டை, ஓரமெல்லாம் வறுத்த அப்பளம்போல நொறுங்கியது. ஓட்டை வழியாக ஷெட்டின் சிமென்ட் தெரிந்தது. உதிர்ந்து கிடந்த ஒரு காய்ந்த இலையும் தெரிந்தது.

தம்பி மனைவி டார்ச்சை அடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"கூரைத் துணி வழியா தண்ணி இறங்கியிருக்கு அண்ணி. ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் அரிச்சிருக்கும். அவரு பக்கத்த மட்டும் வெட்டிப் புதுசு போட்டிருக்காரு."

காலை நடுவில் ஊன்றாதே, ஓரமாக வை. கார்ப்பெட் பாழாயிடும். ஓரமாக ஒடுக்கிய தன் முழங்கால்களைப் பல்லக்கா நினைத்துப் பார்த்தாள். அதன் கீழே ஒரு பிஸ்கட் மூடி. அதன் கீழே, ஓடுகிற ரோடு. எத்தனை தடவை கிளப்போடு மலைப்பாதையில் காற்றில் முடி பறக்கச் சிரித்துக்கொண்டு போயிருக்கிறாள்! மேலே தங்கத் தொப்பி போட்டு அடியில் பல்லைச் சொத்தையாக விட்ட டாக்டர்களை அவளுக்குத் தெரியும். அவர்களாவது தெரியாமல் செய்தார்கள்.

"இன்னொண்ணு இருக்கு" என்றாள் தம்பி மனைவி. டார்ச்சின் வெளிச்சத்தைச் சாய்த்தாள். ஓட்டையின் ஓரமாக ஒரு மெல்லிய குழாய் ஓடியது. அதன் மேல் நகத்தால் தொட்டதும் துரு செதில் செதிலாக உதிர்ந்து, ஓர் இடத்தில் ஈரம் கசிந்தது. "பிரேக் பைப். இந்தக் காலத்து வண்டில ஒரு பைப் போனா இன்னொண்ணு பிடிக்கும். இது பழசு, ஒரே லைன். ஒரு இடத்துல வெடிச்சா நாலு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. இது அவருக்கே தெரிஞ்சிருக்காது. தார் மறைச்சிடுச்சு."

அந்த வாரம்தான் சேர்மன் போன் செய்தான்.

"ஞாயித்துக்கிழமை கிளப்புல மலைக்குப் போறோம். நான்தான் முன்னாடி போகணும். காலைல வந்து வண்டிய எடுத்துக்குறேன். அவங்களும் வருவாங்க. நீ ஏதாவது சீன் போட்டுறாத, பத்துப் பேர் இருப்பாங்க."

"வாங்க" என்றாள் பல்லக்கா. "சாவி எடுத்து வெக்கிறேன்."

போனை வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போனாள். அன்ன மூடியை எடுத்து ஓட்டையின் மேல் பழையபடி வைத்தாள். கார்ப்பெட்டை விரித்து, உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

"என்ன பண்றீங்க?" என்றாள் தம்பி மனைவி.

"இருந்த மாதிரியே வெக்கிறேன். வண்டிய தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரில்ல."

"அண்ணி, மலை இறக்கத்துல பெடல மிதிச்சுக்கிட்டேதான் வரணும்."

"மிதிக்கட்டும்."

"கூட ஒருத்தி வருவா."

"அவ வந்ததாலதான் அவன் போனான்."

தம்பி மனைவியின் முகம் சிவந்துவிட்டது. ஸ்பானரைத் தரையில் போட்டாள். "நான் பிரேக் பாக்குறவ. தெரிஞ்சே ஒரு வண்டிய நான் கேட்டுக்கு வெளிய விட்டதில்ல. ஞாயித்துக்கிழமை நான் வந்து உங்க கேட்டுக்குக் குறுக்க படுத்துக்குவேன். என் மேல ஏத்திட்டுப் போகட்டும்."

"வா. வந்து படு" என்றாள் பல்லக்கா.

அந்த வாரம் முழுக்க அவள் லேப்பில் ஒரு பல்கூடத் தப்பாகச் செய்யவில்லை. மெழுகை உருக்கும்போதெல்லாம் மலைப்பாதையின் மூன்றாவது வளைவு கண் முன்னால் வந்தது. கீழே பள்ளம், ஓரத்தில் வெள்ளையடித்த கற்கள். அவன் பெடலை மிதிக்கிறான், அது தரை வரை போகிறது, மறுபடி மிதிக்கிறான். அந்த முகத்தை அவள் வேண்டிய மட்டும் பார்த்தாள். சனிக்கிழமை நன்றாகத் தூங்கினாள். காலையில் எழுந்தபோது, இப்படித் தூங்கிவிட்டோமே என்பதுதான் அவளைக் கொஞ்சம் உலுக்கியது.

ஞாயிறு. தெருவில் கிளப்பின் கார்கள் வரிசையாக வந்து நின்றன. கண்ணாடி போட்ட கண் டாக்டர் ஒருவர், ஒரு வக்கீல், அவர்கள் மனைவிமார்கள், எல்லோரும் இறங்கி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். தம்பி மனைவி சொன்ன வாக்குத் தவறாமல், டிப்போ யூனிஃபாரத்தோடு வந்து கேட்டருகில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பல்லக்காவின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

சேர்மன் தொப்பியும் கையுறையுமாக வந்தான். அவனோடு வந்தவளைப் பல்லக்கா அன்றுதான் முதலில் பார்த்தாள். மயக்குகிற அழகி ஒருத்தியை மனதில் வரைந்து வைத்திருந்தாள். வந்தவளோ இவள் வயதுக்காரிதான். ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராம். புதுச் செருப்பு கடித்ததால் லேசாக நொண்டினாள். யாரைப் பார்த்துச் சிரிப்பது, யாரைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் காரை ஷெட்டிலிருந்து தள்ளிக்கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். "சாவி" என்று கையை நீட்டினான். பல்லக்காவின் உள்ளங்கையில் சாவி பதிந்து தழும்பு போட்டிருந்தது. அவள் கை மெல்ல நீண்டது.

அதற்குள் பாட்டு டீச்சர் கதவைத் திறந்து ஏறப்போனாள்.

"செருப்பு, செருப்பு!" என்றான் அவன். "கழட்டிக் கைல வெச்சுக்கோ. கால நடுவுல ஊனாத. இப்படி ஓரமா வை. கார்ப்பெட் பாழாயிடும்."

"சரிங்க, சரிங்க" என்று பாட்டு டீச்சர் குனிந்து செருப்பைக் கழற்றினாள். கடித்த இடத்தில் தோல் உரிந்திருந்தது.

பல்லக்கா கையை இழுத்துக்கொண்டாள்.

இவன் செத்தால் அந்த மூடியைப் பற்றி யாருக்கும் தெரியாது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நல்ல மனிதன், பாவம், பழைய கார், விதி என்பார்கள். கண் டாக்டர் எழுந்து நின்று இரங்கல் பேசுவார். இந்தச் செருப்புக் கடித்தவளும் அவனோடு போய்விடுவாள். அவன் அவ்வளவு லேசாகத் தப்பித்துப்போக நாம் வழிவிட வேண்டுமா?

"ஒரு நிமிஷம்மா, ஏறாதீங்க" என்றாள்.

"சீன் போடாதன்னு சொன்னேன்ல" என்று அவன் பல்லிடுக்கில் சொன்னான்.

அவள் குனிந்து பக்கத்து சீட் பக்கத்துக் கார்ப்பெட்டை ஒரே இழுப்பில் இழுத்தாள். அன்ன மூடியைத் தூக்கினாள்.

"கீழ பாருங்க."

பாட்டு டீச்சர் பார்த்தாள். கண் டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப்பார்த்தார். ஓட்டை வழியாகத் தெருவின் மண்ணும், ஊர்ந்து போகிற ஓர் எறும்பும் தெரிந்தன.

"இது நீங்க உட்கார்ற பக்கம்" என்றாள் பல்லக்கா. சுற்றிக்கொண்டு போய் மறுபக்கக் கார்ப்பெட்டைப் பட்டன் பட்டனாகக் கழற்றினாள். "இது அவரு உட்கார்ற பக்கம். புதுத் தகடு. வெல்டிங் எவ்ளோ அழகா இருக்கு பாருங்க."

வக்கீலின் மனைவி "அய்யோ" என்றாள்.

"அது... அடுத்து செய்யலாம்னு இருந்தேன்" என்றான் சேர்மன். "தகடு கிடைக்கல. பழைய வண்டின்னா..."

"தகடு கிடைக்கல. என் பிஸ்கட் டப்பா மூடி கிடைச்சுது" என்றாள் பல்லக்கா. "நான் தேடினப்ப எனக்கு மறதின்னு சொன்னீங்க."

கேட்டருகில் இருந்த ஸ்டூலிலிருந்து ஒரு குரல் வந்தது. "பிரேக் பைப்பும் அரிச்சிருக்கு சார். இன்னிக்கு மலைக்குப் போயிருந்தா இறங்கி வந்திருக்க மாட்டீங்க." தம்பி மனைவி எழுந்து வந்து நின்றாள்.

அவன் குழாயைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். அவள் கையில் இருந்த சாவியைப் பார்த்தான். அந்தச் சாவி தன் கைக்கு எவ்வளவு அருகில் வந்தது என்பது அவனுக்குப் புரிந்தது. அது புரிந்ததை அவளும் பார்த்தாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு இனிப்பான ஒன்றை அதற்குமுன் ருசித்ததில்லை.

"சேர்மன், போன வருஷம் என் வீட்டுக்காரிய இதுலதானே ஒரு ரவுண்டு கூட்டிப் போனீங்க?" என்று வக்கீல் கேட்டார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது.

பல்லக்கா அன்ன மூடியைப் பாட்டு டீச்சரின் கையில் கொடுத்தாள். "மூடி என்னோடது. டப்பா உடைஞ்சு போச்சு. நீங்க வெச்சுக்கங்க."

பாட்டு டீச்சர் அதை வாங்கிக்கொண்டாள். ஒரு கையில் மூடி, ஒரு கையில் செருப்பு, வெறுங்காலோடு தெருவில் நடந்து போனாள். அவன் கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை.

"சாவியக் குடு" என்று அவன் கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தான்.

"வண்டி என் பேர்ல இருக்கு" என்றாள். "கதவ மெதுவா சாத்துங்க."

கிளப்பின் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. யாரும் அவனை ஏற்றிக்கொள்ளவில்லை. கையுறையைக் கழற்றிப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு நடந்தான். அவன் தெருமுனை திரும்புகிறவரை பார்த்துவிட்டுத் தம்பி மனைவி கேட்டாள்.

"நெஜமாவே குடுத்திருப்பீங்களா அண்ணி?"

"தெரியல" என்றாள் பல்லக்கா. அது உண்மை.

துருப்பிடித்த இடத்தை எல்லாம் நல்ல இரும்பு வருகிறவரை வெட்டி எடுத்தார்கள். தம்பி தகடு வெட்டிக் கொண்டுவந்தான். டிப்போவிலிருந்து ஓய்வுபெற்ற வெல்டர் ஒருவர் வந்து ஒட்டித் தந்தார். பிரேக் குழாய்கள் எல்லாம் புதுசு, ஹோஸ்கள் புதுசு, பிரேக் எண்ணெயை ஒவ்வொரு சக்கரத்திலும் காற்றுக் குமிழி வருவது நிற்கிறவரை இறக்கினார்கள். கூரைத் துணியின் ஓரத்தில் தண்ணீர் வடிய வேண்டிய துளைகள் அழுக்கால் அடைத்துக் கிடந்ததுதான் அத்தனைக்கும் மூலம். ஒரு கம்பி விட்டுக் குத்தியிருந்தால் போதும். மெழுகு போட்டுத் துடைத்த கைக்கு அதைச் செய்யத் தோன்றவில்லை. டயர் நாலும் மாற்றினாள். கியர் போடக் கற்றுக்கொண்டாள். முதல் வாரம் வண்டி அவளைக் குதிரை மாதிரி தூக்கிப் போட்டது, அப்புறம் சொன்ன பேச்சைக் கேட்டது.

வண்டிமேல் அவளுக்கு ஆசை வந்துவிட்டதா என்றால், இல்லை. அவள் அதைக் கொஞ்சவில்லை, பேர் வைக்கவில்லை. வெட்டுகிற கத்தியைத் துரு ஏறாமல் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு காரணத்துக்காக அவள் பார்த்துக்கொண்டதுபோல எந்தப் பழைய காரையும் யாரும் பார்த்துக்கொண்டதில்லை என்று கிளப்பில் கண் டாக்டரே சொன்னார். சேர்மன் கிளப்பிலிருந்து விலகிக்கொண்டான். விலகாவிட்டால் விலக்கியிருப்பார்கள்.

பாட்டு டீச்சர் அவனை விட்டுவிடுவாள் என்று பல்லக்கா எதிர்பார்த்தாள். கொஞ்ச நாள் தங்கை வீட்டில் இருந்துவிட்டு அவள் அவனிடமே திரும்பிவிட்டாள் என்று தெரிந்தபோது இரண்டு நாள் ஷெட்டுக் கதவைத் திறக்கவில்லை. ஆனால் மீதிக் கதையைத் தம்பி மனைவிதான் டிப்போவில் கண்டக்டர்கள் பேசக் கேட்டுக் கொண்டுவந்தாள். பாட்டு டீச்சர் அவனோடு இருக்கிறாள், சரி. அவன் ஓட்டுகிற எந்த வண்டியிலும் ஏறுவதில்லை. கார் வாடகைக்கு எடுத்து வந்தான், ஏறவில்லை. ஸ்கூட்டர் வாங்கினான், ஏறவில்லை. எங்கே போனாலும் பஸ்தான். அவனும் கூடவே பஸ் ஸ்டாப்பில் நிற்கிறான்.

"எந்த ஸ்டாப்?" என்று கேட்டாள் பல்லக்கா.

அடுத்த ஞாயிறு காலை கூரையைத் திறந்துவிட்டு, தம்பி மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினாள். கடைத்தெருவைத் தாண்டினால் ஒரு ரவுண்டானா, அதன் ஓரத்தில் அந்த ஸ்டாப். அவன் ஒரு கறிகாய்ப் பையோடு நின்றுகொண்டிருந்தான். பாட்டு டீச்சர் கொஞ்சம் தள்ளி, பஸ் வருகிற திசையைப் பார்த்து நின்றாள். வண்டியின் சத்தம் கேட்டதுமே அவன் தலை தானாகத் திரும்பியது. அந்த எஞ்சினை அவன் எங்கே கேட்டாலும் தெரிந்துகொள்வான். ஆனால் இவ்வளவு சுத்தமாக அது பாடி அவன் கேட்டதில்லை. வாய் லேசாகத் திறந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்த எல்லோரும் காரைப் பார்த்தார்கள்.

பல்லக்கா அவன் பக்கம் திரும்பவில்லை. கியரை ஒன்று இறக்கி, ஸ்டாப்புக்கு நேராக வந்ததும் ஒரு அழுத்து அழுத்தினாள். வண்டி கர்ஜித்துக்கொண்டு போயிற்று. கண்ணாடியில் மட்டும் பார்த்தாள். அவன் பையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் விழுந்த தூசியைத் துடைப்பவன் மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

தம்பி மனைவி முடியைக் காதோரம் ஒதுக்கிக்கொண்டு சிரித்தாள். "போதுமா அண்ணி?"

பல்லக்கா யோசித்துப் பார்த்தாள். போதவில்லை. ரவுண்டானாவில் வேகத்தைக் குறைத்து ஸ்டீயரிங்கைத் திருப்பினாள்.

"பஸ்ஸு இன்னும் வரலையே" என்றாள். "இன்னொரு ரவுண்டு போலாம்."